தனலட்சுமிக்குக் கொடுத்த சுற்றறிக்கை நோட்டு

ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியும் பழைய பள்ளியின் வாட்ஸப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. அதற்கு உரிய படிவம் இல்லை போலும். நேற்றுக் காலை அதில் ஓர் அறிவிப்பு. மாணவர்களை ஊக்குவிக்க மிட்டாய், சாக்லேட் தரக் கூடாதாம். தின்பண்டம் அல்லாத பரிசுதான் தர வேண்டுமாம். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நாகமலை புதுக்கோட்டை வீட்டில் காப்பியை ஆற்றிக்கொண்டே நானும் ஒரு கட்டைவிரலை வைத்தேன். வைத்த பிறகுதான் சுருக்கென்றது.

எந்த உத்தரவும் வருவதற்கு முன்பே அதைச் செய்தவன் நான். கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள், கஞ்சத்தனம்தான். செல்லூரில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியராக இருந்தபோது என்னிடம் இருந்த பரிசுகள் இவ்வளவே: பாதி தேய்ந்த கலர் சாக்பீஸ், கரும்பலகையில் தேதி எழுதும் உரிமை, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுற்றறிக்கை நோட்டு.

உங்களுக்கு அது நினைவிருக்கும். பசை வாடையடிக்கும் நீள நோட்டு. தலைமையாசிரியர் அதில் ஏதாவது எழுதி அனுப்புவார். ஒரு பிள்ளை அதை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோகும். வாசலில் அனுமதி கேட்டு உள்ளே போய், ஆசிரியர் வாசித்துக் கையெழுத்துப் போடும்வரை அத்தனை கண்களும் தன்மேல் இருக்க நிற்கும். விடுமுறைச் செய்தி என்றால், தானே விடுமுறை விட்டதுபோல முகத்தில் ஒரு பெருமை. அந்த நோட்டு யாருக்கு என்பதற்கு நான் விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன், உட்பிரிவுகளோடு.

என் வகுப்புத் தனலட்சுமியின் வீட்டு முன்னறையில் நான்கு விசைத்தறிகள். அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியவள். சாதாரணமாகப் பேசினாலே தெருவுக்குக் கேட்கும்.

"ஏ தறி, மோட்டார நிப்பாட்டு" என்பான் பின்வரிசைப் பையன்.

"நீ வந்து நிப்பாட்டுடா பாப்போம்" என்பாள்.

ஒருநாள் கேட்டாள்: "சார், எனக்கு எப்ப சார் நோட்டுத் தருவீங்க?"

"உனக்கு நோட்டு எதுக்கு? இங்கிருந்தே சொன்னாப் போதுமே, எல்லா வகுப்புக்கும் கேட்டுரும்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. பிறகு நானே இறங்கிவந்து, "ஒரு வாரம் சத்தமில்லாம இரு, தாரேன்" என்றேன்.

"எம்புட்டுச் சத்தம் சார் போடலாம்?"

"பக்கத்துல வந்து சொன்னாத்தான் எனக்குக் கேக்கணும்."

அளவு அவளுக்குப் பிடிபடவில்லை. அதனால் வாயையே மூடிக்கொண்டாள். கேள்வி கேட்டால் என் மேசைக்கு வந்து காதருகே பதில் சொல்வாள். வெள்ளிக்கிழமை நோட்டைக் கொடுத்தேன். எல்லாக் கையெழுத்தும் வாங்கி வந்து மேசைமேல் ஓசைப்படாமல் வைத்தாள். அடுத்து நடந்த ஆசிரியர் பயிற்சியில் எழுந்து நின்று இந்த வெற்றியை விளக்கினேன். கைதட்டினார்கள்.

வாரம் முடிந்தும் அவள் பேசவில்லை. பத்து நாள் கழித்து அவள் அம்மா வந்தார், தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு.

"பிள்ளைய என்ன சார் பண்ணுனீங்க? தறில நூல் அறுந்தாக்கூட கூப்பிடாம கையத்தான் காட்டுறா. அம்புட்டு இரைச்சல்லயும் அவ குரல் ஒண்ணுதான் சார் எனக்குக் கேக்கும்."

நான் விதிகளை விளக்கினேன். நல்ல பழக்கம்தானே என்றேன்.

"அதுக்குன்னு, வாய வாங்கிக்கிட்டா நோட்டக் குடுத்தீங்க?"

மறுநாள் வகுப்பில், "சத்தமாச் சொல்லு தனம், இன்னைக்கும் நோட்டு உனக்குத்தான்" என்றேன். மேசைக்கு வந்தாள். நான் சொல்லிக்கொடுத்த அதே அளவில் சொன்னாள்: "வேணாம் சார். வேற யாருக்காச்சும் குடுங்க."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆசிரியர் மாணவியிடம் மன்னிப்புக் கேட்க எந்த விதியிலும் இடமில்லை என்பதால் பாடத்தைத் தொடர்ந்தேன்.

சுற்றறிக்கை நோட்டு இப்போது எங்கும் இல்லை. அந்தத் தெருவில் பாதித் தறிகளும் நின்றுவிட்டன. அவை காலம் கொண்டுபோனவை, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் குரல் அப்படிப் போனதல்ல. ஐந்தாம் வகுப்பு முடித்து அவள் வேறு பள்ளிக்குப் போனபோது, மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் 'மிக நன்று' என்று நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன்.