இடம் மாறும் தம்ளர்

எங்கள் தெருவில் சமமான இடம் என்று ஒரு முழம்கூடக் கிடையாது. உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊரில், ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் காலனி. நடுவில் ஒரு சிமெண்டு ரோடு. மழைத் தண்ணீர் நிற்கக் கூடாது என்று நடுவே உயர்த்தி, இரண்டு பக்கமும் கால்வாயைப் பார்த்துச் சரித்துப் போட்டிருக்கிறார்கள். போட்டபோதே ஒரு பக்கம் கூடுதலாகச் சரிந்துவிட்டது. இந்த ரோட்டில்தான் நான் கோல்ஃப் பழகினேன்.

கோல்ஃப் என்றதும் பந்தை வெகுதூரம் பறக்கவிடுவதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நான் பழகியது ஆட்டத்தின் கடைசிப் பகுதியை. பறந்து வந்த பந்து குழியை நெருங்கிய பிறகு, ஒட்ட வெட்டிய புல்லின் மேல் அதைத் தரையோடு உருட்டிக் குழிக்குள் தள்ள வேண்டும். அதற்கென்று தனி மட்டை உண்டு. பட்டர் என்பார்கள். நான் உடற்கல்வி படிக்கும் கல்லூரிக்கு யாரோ பழைய மட்டைகளைக் கொடுத்திருந்தார்கள். மற்றப் பெண்கள் நீள மட்டைகளுக்குப் போட்டி போட்டபோது நான் இந்தக் குட்டை மட்டையை எடுத்துக்கொண்டேன். இதற்கு மைதானம் தேவையில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பதுதான் காரணம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியிலிருந்து நான் எதைக் கொண்டுவந்தாலும் அம்மா அதை ஒரு முறை துடைத்துவிட்டுத்தான் வைப்பாள். இந்த மட்டையையும் துடைத்து, அரிசி மூட்டைக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள்.

நைனாவுக்கு மட்டும் அது புதிதாக இல்லை. கழனி வேலை குறைந்த பிறகு அவர் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கோல்ஃப் மைதானத்தில் கான்ட்ராக்டில் புல் வெட்டப் போய்க்கொண்டிருந்தார். விடிவதற்குள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். புல் வெட்டுவதோடு அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரே குழியை நோக்கி எல்லோரும் நடந்தால் சுற்றிலும் புல் நசுங்கிப்போகும். அதனால் காலையில் முந்தின நாள் குழியை மூடிவிட்டு, வேறு இடத்தில் புதிதாக வெட்ட வேண்டும். ஒரு இரும்பு உருளையைத் திருகி, மண்ணும் புல்லும் உதிராமல் ஒரே கட்டியாகத் தூக்குவார்களாம். நைனா அதைக் கையால் செய்து காட்டும்போது அவர் முகம் கொஞ்சம் நிமிரும். அந்த மைதானத்தில் ஒரு சட்டமும் உண்டு. யாராவது பந்தைத் தள்ளக் குனிந்தால், பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்காக அவர் நின்றிருக்கிறார். ஒரு முறைகூட மட்டையைத் தொட்டதில்லை.

பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் ஓர் இடம் காலியாக இருப்பதாகவும், பந்தைக் குழிக்குள் தள்ளுவதில் தேறியவர்களைத் தேடுவதாகவும் கல்லூரியில் சொன்னார்கள். தேர்வு நடக்க இருந்தது நைனா வேலை செய்யும் அதே மைதானத்தில். அணியில் இடம் கிடைத்தால் படிப்பு முடியும்வரை அந்தப் புல்லில் பழகலாம். கிடைக்காவிட்டால் எனக்கு இந்தச் சிமெண்டு ரோடுதான். எனக்கு அந்தப் புல் வேண்டும் என்று இருந்தது. நைனாவின் பின்னால் வேலையாளின் மகளாக இல்லாமல், மட்டையோடு அதன் மேல் நடக்க வேண்டும் என்று இருந்தது.

ஒரு எவர்சில்வர் தம்ளரைப் படுக்கவைத்தால் அதுதான் குழி. பந்து உள்ளே போனால் ணங்கென்று ஒலிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் ஒரு தடவை என்று தோன்றும். மட்டை கோணலாகப் போகிறதா என்று தெரிய, பந்துக்கு முன்னால் இரண்டு செங்கற்களை நெருக்கி வைத்து அவற்றின் நடுவே தள்ளுவேன். செங்கல்லில் பட்டால் கை திரும்பிவிட்டது என்று அர்த்தம். வேகம் பிடிபடுவதற்குக் கோலப்புள்ளிகள் உதவின. காலையில் அம்மா போட்ட கோலம் சாயங்காலம் பாதி அழிந்திருக்கும். மீதியிருக்கும் புள்ளிகளில் கிட்டப் புள்ளி, அடுத்தது, அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றின் மேலும் பந்து போய் நிற்க வேண்டும். தாண்டினால் முதலிலிருந்து. சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவேன். பந்து எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறப்பேன். ஆரம்பத்தில் நான் சொன்னது எதுவும் சரியாக இருக்காது. போகப்போகக் கைக்கே தூரம் தெரிய ஆரம்பித்தது. காய்ந்த சிமெண்டில் பந்து ஓடும், சாணி தெளித்த வாசலில் சுணங்கும், கோணிப்பையை விரித்தால் இன்னும் மெதுவாகும். சரிவு புரியாத இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் வளைந்து ஓடுகிறது என்று பார்ப்பேன்.

எதிர் வீட்டு அத்தைக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. நடவு முடிந்து, முழங்கால்வரை சேறு காய்ந்த கால்களோடு வருவாள்.

"இன்னாடி கைல? பட்டரா? ரொட்டி எங்க?"

"வந்ததும் வராததுமா ஏன் அத்தே பேஜார் பண்றே?"

"நான் நாள் பூரா குனிஞ்சிக்கினு கீறேன், கூலி தர்றாங்கோ. நீ இன்னாத்துக்குடி சும்மா குனிஞ்சிக்கினு கீற?"

சொல்லிக்கொண்டே காலால் தம்ளரைச் சரிவுப் பக்கம் நகர்த்திவிட்டாள். "ஒரே எடத்துல வெச்சிக்கினு போட்டா கொய்ந்தகூடப் போடும். இப்ப போடு பாக்கலாம்."

கோபத்தில் தள்ளினேன். பந்து நேராகக் கால்வாய்க்குள் போனது. தெருவே சிரித்தது. நான் சேற்றுக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்துக் கழுவினேன். மறுநாள் மறுபடியும் நகர்த்தினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு போகிறவர்கள், ஆட்டை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள், யார் போனாலும் தம்ளரை ஒரு உதை. கடைசியில் அதுவே ஆட்டத்தின் விதியாகிவிட்டது. நகர்த்தியவர்கள் நின்று பார்க்க வேண்டும். பந்து தவறினால் குழாயிலிருந்து அவர்கள் குடத்தை நான் தூக்கிவர வேண்டும். உள்ளே போனால் எங்கள் குடத்தை அவர்கள் தூக்க வேண்டும். முதலில் தினமும் அத்தையின் குடம் என் இடுப்பில்தான் இருந்தது. பிறகு அவள் என் குடத்தைத் தூக்கும் நாட்களும் வந்தன.

ஒரு நாள் மட்டையை அவளே வாங்கினாள். நாற்றுக்குக் குனிவதுபோல் குனிந்து ஒரு தள்ளு. ணங்கென்றது. மட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நூறு நாள் வேலைல இத்தையும் சேத்தாங்கன்னா நல்லாருக்கும்" என்றாள்.

தேர்வுக்கு முந்தின சாயங்காலம் நைனா வேனிலிருந்து இறங்கி வரும்போது அவள்தான் மறித்தாள்.

"அண்ணே, நாளைக்கி எங்க நோண்டப்போறேன்னு உம் பொண்ணாண்ட சொல்லிடேன். அதே தெசைல தம்ளர வெச்சிக்கினு அடிச்சிப் பாக்கட்டும்."

"அது வேலம்மா. வூட்டுக்கு எடுத்துக்கினு வர்றதில்ல."

"பெத்த பொண்ணுக்குக்கூடவா?"

நைனா என்னை ஒரு முறை பார்த்தார். "அவ கேக்கலியே."

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்க மாட்டார் என்றும் நினைக்கிறேன். அன்றைக்கு இருவரும் ஒரே தட்டத்திலிருந்த கருவாட்டைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். மைதானத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

காலையில் நான் பஸ்ஸில் போய் இறங்கினேன். தேர்வுக்கு வந்த பெண்கள் தோளில் சொந்தமாகப் பை வைத்திருந்தார்கள். கூடப் பெற்றோர் வந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் அந்தப் புல்லில் பழகிக்கொள்ளச் சொன்னார்கள். அதை மிதித்தபோது எனக்கு உள்ளங்கால் கூசியது. நைனா தூரத்தில் இயந்திரத்தோடு வேலையாக இருந்தார். ஒரு பெண்ணின் அப்பா என்னிடம் பிஸ்கட்டை நீட்டி, அன்பாகவே விசாரித்தார்.

"எந்த ஊர்ம்மா? அப்பா என்ன பண்றார்?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். "அதோ நீலச் சட்டை போட்டிருக்காரே, அவர்தான். இந்தக் குழியை வெட்டினதே அவர்தான்."

அவர் தலையாட்டிவிட்டு, தேர்வு நடத்தும் அம்மாவிடம் போனார். அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"மேடம், குழி வெட்டினவரோட பொண்ணே ஆடுது. நேத்தே அதுக்கு இடம் தெரிஞ்சிருக்காதா? மத்தப் பிள்ளைங்களுக்கு இது நியாயமா?"

அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கே சங்கடமாக இருந்தது.

"எங்க நைனா எனக்கு ஒண்ணும் சொல்லல மேடம்."

"நான் நம்பறேன்மா. ஆனா ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லிட்டார். நாளைக்கு நீ ஜெயிச்சாலும் இதைத்தான் பேசுவாங்க."

திருட்டுப் பட்டம் எனக்கு மட்டும் இல்லை, அவருக்கும் சேர்த்து. இனி அணியில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது என்று அந்த நிமிடம் தெரிந்தது.

"குழியை மாத்துங்க மேடம்," என்றேன். "எங்க வேணும்னாலும் மாத்துங்க."

"வேற ஆளை வெட்டச் சொல்லலாமே," என்றார் அந்த அப்பா.

"இடத்தைக் காட்டப்போறது நான். வெட்டுறது யாரா இருந்தா என்ன?" என்றார் தேர்வு நடத்திய அம்மா.

நைனாவைக் கூப்பிட்டார்கள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னபோது, "சரிங்கம்மா" என்றார். அந்த அம்மா ஓரத்தில் சரிவான ஒரு இடத்தில் போய் நின்று ஷூ நுனியால் காட்டினார். எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, நைனா மண்டியிட்டு இரும்பு உருளையைத் திருகினார். மண்கட்டியை உதிராமல் தூக்கினார். காலையில் தானே வெட்டிய குழியில் அதைப் பொருத்தி, உள்ளங்கையால் அழுத்தி, கொஞ்சம் தண்ணீர் விட்டார். புதுக் குழிக்குள் வெள்ளைக் கிண்ணத்தை இறக்கினார். விளிம்பில் ஒட்டியிருந்த ஒரே ஒரு புல்லைக் கிள்ளி எறிந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து, இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அதுவரை பழைய குழியை நோக்கிப் பழகியிருந்த பெண்கள் முகம் வாடினார்கள். எனக்கு அத்தையின் சேற்றுக்கால் ஞாபகம் வந்தது. இப்ப போடு பாக்கலாம்.

எல்லோரும் குழியைச் சுற்றிக் குறித்திருந்த ஒரே இடங்களிலிருந்து தள்ள வேண்டும். யாருக்கு மொத்தத் தள்ளு குறைவோ அவருக்கு இடம். எனக்கு முன்னால் ஆடியவர்களின் பந்துகள் சரிவில் பிடித்துக்கொள்ளாமல் குழியைத் தாண்டி ஓடின. என் முறை வந்தபோது சுற்றி நடந்து பார்த்தேன். இங்கே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் எப்படி ஓடும் என்று யோசித்தேன். அது வளையும் வழியில் பந்தை விட்டேன். மேட்டிலிருந்து தள்ளியபோது ஒன்று விளிம்பைத் தொட்டுவிட்டு வெளியே நின்றது. அடுத்த இடத்தில் குனிந்தபோது எங்கும் சத்தமே இல்லை. நைனா இயந்திரத்தை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருக்கிறார் என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. கோலப்புள்ளிக்குத் தள்ளுவதுபோல மெதுவாகத் தள்ளினேன். ணங்கென்று ஒலிக்கவில்லை. பந்து குழியில் விழுந்த சத்தம் வேறு மாதிரி, பிளாஸ்டிக் டப்பாவில் புளியங்கொட்டை விழுந்ததுபோல் இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தவறவில்லை.

இடம் எனக்குக் கிடைத்தது. பிஸ்கட் கொடுத்த அப்பா வந்து, "தப்பா நினைச்சுக்காதம்மா, பெத்தவங்க மனசு" என்றார். எனக்கும்தான் பெற்றவர் இருந்தார், கொஞ்ச தூரத்தில், கையெல்லாம் மண்ணோடு.

சாயங்காலம் அத்தை என் குடத்தைத் தானாகவே தூக்கிக்கொண்டு போனாள். "இன்னிக்கி ஒரு நாளுதான்," என்றாள்.

அடுத்த வாரம் கான்ட்ராக்டர் குழி வெட்டும் வேலையை வேறு ஒருவருக்கு மாற்றிவிட்டார். மகள் அங்கே ஆடும்போது அப்பா குழி வெட்டினால் பேச்சு வரும் என்றாராம். நைனாவுக்கு இப்போது புல் வெட்டும் வேலை மட்டும்தான். "நல்லதாப் போச்சி, மண்டி போட வேணாம்" என்று சொன்னார். ஆனால் கையால் திருகிக் காட்டுவதை நிறுத்திவிட்டார். என்னை யாரும் கேட்காமல் இருந்திருந்தால், நான் கையை நீட்டிக் காட்டாமல் இருந்திருந்தால், அந்த வேலை அவரிடமே இருந்திருக்கும். இதை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவரைக் காட்டக் கை நீளத்தான் செய்கிறது.

இப்போது வாரத்தில் சில நாள் அங்கே பழகப் போகிறேன். நான் குனிந்தால் அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நிற்கிறார். முதல் நாள் அது எனக்குத் தாங்கவில்லை. "எனக்காக நிக்க வேணாம் நைனா, நீ பாட்டுக்கு வேலையப் பாரு" என்றேன்.

"உனக்கோசரம்னு யாரு சொன்னா? பந்துக்கோசரம். சட்டம்மா அது."

போன மாதம் அணிக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். நான் தள்ளத் தயாரானபோது மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அந்த ஆள் ஏன் வேலையை விட்டுட்டு நம்மளையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு?"

"நான் தள்ளி முடிக்கிறவரைக்கும் நிக்கணும்," என்றேன். "அவர் எங்க நைனா."

அவள் அவரை இன்னொரு முறை பார்த்தாள். நான் பந்தைப் பார்த்தேன். அது குழிக்குள் போய் விழுந்த பிறகுதான் பின்னால் இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது.