முக்காடும் காய்ச்சலும்

என் வீட்டுக்காரரின் பயாப்சி ரிப்போர்ட் நாளைக்கு வருகிறது.

ஜெபிக்கச் சொல்லிக் காலையில் எங்கள் ஊர் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மதியம் வரை ஒருவரும் பதில் போடவில்லை.

இந்தக் கல்கத்தாவில் சேர்ந்து ஜெபிக்க எனக்கு ஆளில்லை. பவானிபூரில் மெட்ரோ ஏறி உட்கார்ந்ததும் துப்பட்டாவை முக்காடு போட்டுக் கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, நீங்களும் பார்த்துட்டு சும்மா இருந்துராதீங்க."

நெற்றியில் ஒரு கை பட்டது. பக்கத்து சீட் வங்காள அம்மா.

"ஜொர் நாகி, மா?" காய்ச்சலா என்று கேட்கிறார். முக்காட்டைப் பார்த்து, ஏசிக்கு நடுங்குகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"இல்ல மாசிமா, ப்ரேயர்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். டாலிகஞ்சில் என்னோடு இறங்கியபோதுதான் சொன்னார், காளிகாட்டிலேயே இறங்க வேண்டியவராம், கோவிலுக்கு. சிரித்துக்கொண்டே எதிர் பிளாட்பாரத்துக்குப் போனார்.

பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஆண்டவர் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை.

இந்தப் பதிவின் கீழே கைகூப்பும் எமோஜி போடப் போகிறவர்கள், தயவுசெய்து ஒரு நிமிஷம் கண்ணை மூடிவிட்டுப் போடுங்கள்.