தாழ்வாரக் கோடியில் ஒரு கதவு

உட்காருமுன் புடவையின் பின்பக்கத்தைக் கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். எழுந்ததும் நாற்காலியை ஓரக்கண்ணால் பார்ப்பார். யாராவது கவனித்துவிட்டால், கேட்காமலே பதில் வரும்: "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்." பள்ளி மைதானத்தில் விசில் ஊதியே காலம் தள்ளியவர். எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் பி.டி. டீச்சர்தான்.

நாங்கள் கட்டப்போகும் முதியோர் இல்லத்தில் இடம் கேட்டிருப்பவர்களை, செங்கல் வைக்குமுன்பே உள்ளே நடக்க விடுகிறோம். வி.ஆர். கண்ணாடியை மாட்டினால் அறை, சாப்பாட்டுக்கூடம், தாழ்வாரம் எல்லாம் எதிரே வந்துவிடும். குறை சொன்னால் வரைபடத்தை மாற்றுவோம். டீச்சர் குறையே சொல்வதில்லை. "பிரமாதம், பாஸ் போடுங்க" என்று கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். எங்கே போனாலும் கையோடு ஒரு துணிப்பை வரும். அதில் மாற்றுப் புடவை ஒன்று மடித்திருப்பதை ஒருநாள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

நேற்று மகனும் கூட வந்திருந்தார். அம்மா பேச்சுத்துணைக்காகத்தான் முதியோர் இல்லத்தில் சேரப்போகிறார் என்று நம்பிக்கொண்டிருப்பவர். டீச்சர் கண்ணாடியை மாட்டி, நின்ற இடத்திலேயே நடக்கவைக்கும் கைவிசையை அழுத்தி, சாப்பாட்டுக்கூடத்திலிருந்து புறப்பட்டார். அந்தக் கூடத்துக்கென்று இருக்கும் ஒரே கழிவறை தாழ்வாரக் கோடியில். அதுவரை போனார், திரும்பினார். மறுபடி போனார், இம்முறை வேகமாக. உதடுகள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தன. பாவம், தான் பார்ப்பது தனக்கு மட்டும்தான் தெரிகிறது என்று நினைத்துவிட்டார். அத்தனையும் பின்சுவரில் பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தது. மகன் திரையைப் பார்த்தார், பிறகு துணிப்பையைப் பார்த்தார்.

திரையை அணைக்க நான் எழுவதற்குள் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் திரும்பிவிட்டார். சுவர் முழுக்கக் கழிவறைக் கதவு. அவருக்கு முகம் செத்துவிட்டது. எனக்கே மானம் போனதுபோல இருந்தது.

மகன் தரையைப் பார்த்தபடி, "அம்மாவுக்கு எல்லாம் பிடிச்சிருக்கு. அப்படியே கட்டிடுங்க" என்றார். காப்பாற்றுவதாக நினைப்பு.

டீச்சர் கையிலிருந்த கண்ணாடியை மெல்லத் திருப்பினார். திரையிலிருந்து கதவு நழுவி, ஜன்னல் வந்தது. "ஆமா, கல்லு மாதிரி..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் கண்ணாடியைப் பழையபடி திருப்பினார். கதவு மறுபடி திரைக்கு வந்ததும், அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றார்.