எழும்பிப் போனவர்

நயினாதீவுப் படகில் என் பக்கத்தில் இருந்தவர் வெளிநாடொன்றின் மத்திய வங்கியில் பெரிய பொருளியலாளராம். நரைத்த மீசை, மடிப்புக் குலையாத சட்டை. வாய் திறக்க முன்னம் இரண்டு பக்கமும் ஒருக்காப் பார்த்துக்கொள்வார்.

“புதுசா ஆள் எடுக்கிற குழுவிலை நானும் இருந்தனான். எங்கட மடத்துவெளிப் பிள்ளை ஒண்டு நேர்முகத்துக்கு வந்தது. வந்ததிலை அவதான் திறம். சொந்த ஊராளை ஏத்திவிட்டான் எண்டு கதை வரும் எண்டிட்டு நான் எழும்பி வெளியிலை வந்திட்டன்.”

“மற்றவையும் தங்கட ஆக்கள் வந்தா எழும்புறவையோ, அண்ணை?”

சிரித்துவிட்டார். “அவை எழும்பத் தொடங்கினா கேள்வி கேக்க ஆள் மிஞ்சாது, தம்பி.”

“பிள்ளைக்கு வேலை கிடைச்சுதோ?”

“இல்லை. அவவுக்காகக் கதைக்க உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை.”

நேர்மையான மனிதர்தான். என்றாலும் அன்றைக்கு அவர் கதிரையிலேயே இருந்திருக்கலாம் என்றுதான் எனக்கு இன்னமும் படுகிறது.