வாய்க்குள் ஒரு வெள்ளை மதில்

போன மாதம் என் மனைவியின் வாய்க்குள் ஒரு கேமரா போய்விட்டு வந்தது, பிள்ளைகளே.

சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். தடித்த பேனா மாதிரி இருக்கும். நுனியில் குட்டி விளக்கு. பல்லையும் ஈறையும் துண்டு துண்டாகப் படம் எடுக்கும். பக்கத்தில் இருக்கிற கம்ப்யூட்டர் அந்தத் துண்டுகளை ஒட்டி முழு வாயாக்கிக் காட்டும். நம் திருவனந்தபுரத்தில் இது இன்னும் எல்லா டாக்டரிடமும் வரவில்லை.

எதற்காகப் போனது? அதைச் சொல்ல வேண்டும் அல்லவா...

ஸ்டெல்லா — அதுதான் என் மனைவி — எங்கள் சர்ச்சில் சண்டே ஸ்கூல் டீச்சர். போன மழைக்காலத்தில் கரமனையில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது வழுக்கி, முகம் குப்புற விழுந்தாள். மேல் வரிசையில் முன்பல் நான்கும் போயிற்று. கழற்றி மாட்டுகிற பல்செட் ஒன்று செய்து போட்டோம். வகுப்பில் கதை உச்சத்துக்கு வந்த நேரம்... செட் கழன்று மடியில் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பிள்ளைகள் சிரிக்கத்தானே செய்வார்கள்? ஆனால் அடுத்த ஞாயிறு அவள் வகுப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை.

"வேற டீச்சரைப் பாத்துக்கிடச் சொல்லுங்க. எனக்கு இனி முடியாது, கேட்டியளா?" என்றாள்.

போதகர் பொறுத்துப் பார்த்தார். கடைசியில், புது வகுப்பு தொடங்குவதற்குள் வருவாளா மாட்டாளா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார்.

கழன்று விழாத பல் வேண்டும் என்றால், காலி இடத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிற கோரைப்பல்லைப் பிடித்துப் பாலம் போலக் கட்ட வேண்டும். அதற்கு அளவு எடுக்க வாய் நிறையப் பசையை அப்பி வைப்பார்கள். ஸ்டெல்லாவுக்கோ பசை உள்ளே போனதும் குமட்டல், அச்சு கெட்டுவிடும். அதனால்தான் கேமரா.

பட்டம் என்ற இடத்தில் ஒரு கிளினிக். டாக்டர் இளம்பெண், மலையாளி. எங்களுக்காக மலையாளம் கலந்த தமிழ் பேசினார். முதலில் வாய்க்குள் வெள்ளைப் பொடியை ஊதினார். பல் பளபளத்தால் கேமராவுக்குக் கண் கூசுமாம்.

"ஊர்ல எல்லாரும் முகத்துக்குப் பவுடர் போடுதாங்க. எனக்கு மட்டும் வாய்க்குள்ள" என்று முணுமுணுத்தாள் ஸ்டெல்லா.

"ஆன்ட்டி, இப்போ பேச்சு வேண்டா. நாக்கு அவிடத்தன்னே இருக்கட்டே, கேட்டோ?"

கொஞ்ச நேரத்தில் திரையில் வாய் எழுந்து வந்தது. விழுந்த நாளிலிருந்து கண்ணாடி முன்னால்கூட வாயைத் திறக்காதவள் அவள். இப்போது அந்தக் காலி இடம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு எதிரே நிற்கிறது! எனக்குத்தான் பயம், அழுதுவிடுவாளோ என்று.

"யம்மோ... எனக்க வாயா இது? இதுல ஒரு லாரியைத் திருப்பலாம் போல இருக்கே!"

டாக்டர் சிரித்துக்கொண்டே சின்ன இரும்பு அளவுகோல் ஒன்றை எடுத்தார். அவள் வாயில் ஒரு கோரைப்பல்லிலிருந்து மற்றக் கோரைப்பல் வரை வைத்துப் பார்த்தார். திரையில் உள்ள அளவைப் பார்த்தார். மறுபடியும் வாய். மறுபடியும் திரை. சிரிப்பு போய்விட்டது.

"சரியாயில்லா. கம்ப்யூட்டர்ல கொறச்சு சின்னதா வந்நிட்டுண்டு."

"எவ்வளவு டாக்டர்?"

"ஒரு நூல் கனம்."

"அவ்வளவுதானே?" என்றேன். நான் ஆரியசாலையில் மளிகை மொத்தக் கடை வைத்திருப்பவன். எங்கள் தராசில் நூலுக்கு என்ன மரியாதை?

"அங்கிள், இது அரிசிச் சாக்கு இல்ல... பல்லு! நூல் கனம் தப்பினா பாலம் உட்காராது. உட்கார்ந்தாலும் ஆடும்."

இவ்வளவு பெரிய மெஷின் எப்படித் தப்பும்? கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

"நீளமான மதிலைத் துண்டு துண்டா போட்டோ எடுத்து ஒட்டணும்னு வெச்சுக்கோங்க. மதில்ல போஸ்டர் உண்டெங்கில் ஈசி. இந்தப் போட்டோவில பாதி போஸ்டர், அடுத்ததிலயும் அதே போஸ்டர். ரெண்டையும் பொருத்தினா போதும். வெறும் வெள்ளை மதிலானா? எந்தத் துண்டு எங்க சேரும்னு எப்படி அறியும்? பல்லு இருக்கிற இடத்தில மேடு, பள்ளம், மூலை எல்லாம் உண்டு. பல்லு இல்லாத ஈறு வழுவழுன்னு வெள்ளை மதில்தான். மெஷினுக்கு வழி தெற்றிப் போச்சு."

ஸ்டெல்லா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்போ எனக்க வாயிலயும் நாலு போஸ்டர் ஒட்டுங்க டாக்டர். எந்தக் கட்சின்னாலும் எனக்குச் சம்மதம்!"

நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. "ஆன்ட்டி, அதேதான் செய்யப் போறேன்" என்றார்.

செய்தார். கடுகு அளவில் மெழுகுப் பொட்டுகளைக் காலி ஈறில் ஒட்டினார். அதுவும் ஒரே சீராக இல்லை — ஒன்று தள்ளி, ஒன்று நெருங்கி. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் மெஷின் திரும்பவும் குழம்புமாம். மறுபடி பொடி, மறுபடி கேமரா, மறுபடி இரும்பு அளவுகோல். இந்த முறை வாயும் திரையும் ஒரே அளவைச் சொல்லின.

நான் எழுந்துவிட்டேன். ஸ்டெல்லா எழவில்லை. "இன்னொருக்க காட்டுங்க டாக்டர்" என்று திரையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொன்னாள். பொட்டு எங்கே, படம் எங்கே சேர்ந்தது, முதலில் எங்கே தப்பியது... கேள்வி மேல் கேள்வி. இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்த இடத்தையே விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டாள்.

எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் அன்றைக்கு ஒன்று புரிந்தது. இருக்கிறதை அளப்பது சுலபம். இல்லாததை அளக்கத்தான் பொறுமை வேண்டும். உங்கள் வகுப்பிலும் யாருக்காவது ஏதாவது ஒன்று இல்லாமல் இருக்கும் — அப்பா இல்லாமல், ஒரு கால் சரியில்லாமல், பேச்சு தெளிவில்லாமல். நாம் அந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்றுகூட நினைத்துக்கொள்கிறோம். நின்று, நிதானமாகப் பார்த்தால் என்ன?

பாலம் செய்து வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். ஞாயிறு காலை பார்த்தால், ஸ்டெல்லா புடவை கட்டித் தயாராக நிற்கிறாள்!

"பல்லு இன்னும் வரலையே?"

"பல்லா கதை சொல்லுது? வண்டியை எடுங்க."

வகுப்புக் கதவு ஓரம் நின்று பார்த்தேன். டாக்டர் சொன்ன மதில் கதையைத்தான் சொன்னாள். காற்று புகுந்து சில எழுத்துகள் விசிலடித்தன. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. "அந்த இடம் எங்க டீச்சர், காட்டுங்க" என்று ஒரு குரல். இவள் வாயை 'ஆ' என்று திறந்து காட்டினாள். வகுப்பே கிட்டே வந்து எட்டிப் பார்த்தது.

முதல் பெஞ்சில் ஆறு வயது ஜெனி. எழுந்து வந்து தன் வாயையும் திறந்தாள். அவளுக்கும் மேலே முன்பல் இரண்டு இல்லை!

"டீச்சர், எனக்கும் அங்கதான் இல்ல."

"உனக்குத் தானா முளைக்கும் மக்களே. எனக்குச் செஞ்சுட்டு இருக்காங்க. யாருக்கு முதல்ல வருதுன்னு பாப்பமா?"

ஸ்டெல்லாவின் பாலம் போன வாரம் வந்தது; ஓர் இடத்தில்கூட அரம் வைத்து ராவாமல் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால், தனக்கு அதற்கு முந்தின நாளே பல் நுனி தெரிந்துவிட்டது என்று ஜெனி அடித்துச் சொல்கிறாள்... வழக்கு இன்னும் முடியவில்லை!