வாசல் மேற்கே உள்ள தேவாலயம்

பாலிடெக்னிக் கடைசி வருடம். பழைய கட்டடம் ஒன்றை அளந்து வரைபடம் தர வேண்டும். வகுப்பே அண்ணாமலையார் கோயில் மண்டபங்களுக்கு ஓடியது. நான் டவுனில் இருந்த தேவாலயத்தைக் கேட்டேன். அதற்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை. அந்தக் காரணமே எனக்குப் போதும். ஒரு தப்பு இருந்தாலும் ஆஸ்டல் கழிப்பறையை அளக்க அனுப்பிவிடுவேன் என்று சொல்லித்தான் சார் விட்டார்.

மத்தியானங்களில் உள்ளே ஆளே இருக்காது. பெருக்கி மணியடிக்கும் அக்காதான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். சுவர் இரண்டடி கனம், சுண்ணாம்புக் காரை. நடுவில் தூணே கிடையாது. கூரை ஓடுகள் அத்தனையையும் தேக்குச் சட்டங்களே தாங்கின. வெள்ளைக்காரப் பாதிரியார் காகிதத்தில் போட்டதைக் கட்டியது உள்ளூர்க் கொத்தனார்களாம். கூர்வளைவு ஜன்னல்களின் உச்சியில் ஆளுக்கொரு தாமரை மொட்டை வைத்துவிட்டார்களாம். பாதிரியாரும் இருக்கட்டும் என்று விட்டாராம். கண்ணெதிரே நடந்த மாதிரி சொன்னார் அக்கா.

கொடுப்பதற்கு முந்தின நாள், மையிட்டு முடித்த தாளை அவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"ஏம்மா, மலை இருக்கிற ஊர்ல பொறந்துட்டு திசை தெரியலியா? காலையில வெயிலு பீடத்துக்குப் பின்னாடி இருந்துல்ல வருது."

கோயில் என்றால் சாமி கிழக்கே பார்த்துதான் இருப்பார், ஆகவே வாசலும் கிழக்கு. யோசிக்காமலே அம்புக்குறி போட்டிருந்தேன். வெளியே ஓடினேன். வேப்பமரங்களுக்கு மேலே, நேர் எதிரே, ஊருக்கு மேற்கே நிற்கும் மலை. டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வேறென்ன தெரியும்? அம்பு மட்டுமா, நான்கு பக்கத் தோற்றங்களின் பெயர்களும் தலைகீழ். பிளேடால் சுரண்டிச் சுரண்டித் திருத்தினேன். தாள் கிழியாமல் தப்பியது.

மறுநாள் சார் விரல் வைத்ததே அந்த அம்பில்தான்.

"வாசல் கிழக்கத்தானே இருக்கும்? சரியா இருந்ததைச் சுரண்டிட்டியா?"

"இல்ல சார், பீடம்தான் கிழக்க. வந்து பாருங்க சார்."

வருவார் என்று நினைக்கவில்லை. சாயங்காலமே மொபெட்டில் வந்துவிட்டார். வாசலில் நின்று திரும்பி மலையைப் பார்த்தார். உள்ளே மேற்கு வெயில் நடுவழியில் பீடத்துப் படிவரை நீண்டு கிடந்தது. கொஞ்ச நேரம் அண்ணாந்து கூரையையே பார்த்தவர், என் தாளை வாங்கி அங்கிருந்த பெஞ்சிலேயே விரித்துக் கையெழுத்துப் போட்டார்.