கதவு நிலையிலிருந்து நாலடி

யாரோ ஒரு வீட்டில் சுவர்க் கடிகாரம் மாட்ட ஆணி அடித்தார்களாம், சுவர் உஸ்ஸென்று சீறியதாம். அக்கா வேலை செய்யும் தையல் கூடத்தில் பக்கத்து மெஷின்காரி சொன்னது. அவளுக்கு அவள் மருமகன் சொன்னது. மருமகனுக்கு யார் சொன்னார்கள் என்று அக்கா கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது மாடியில் தொடங்கிய கதை, அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டு முடிப்பதற்குள் ஐந்தாவது மாடிக்கு ஏறிவிட்டது. மாறாமல் இருந்தது ஒன்றுதான்: பச்சைக் கேட் போட்ட கட்டடம்.

அத்தான் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பச்சைக் கேட்டுன்னா, தபால் ஆபீசுக்கு எதிர்லயா?"

"கேட்டுக்குக் கலர் சொன்னா. எதிர்ல என்ன இருக்குன்னு சொல்லல. ஏன், நீங்க போட்ட குழாயா?"

"நான்தான் போட்டேன்."

"அப்ப சீறாது. சாப்பிடுங்க."

அவர் அதற்குமேல் சாப்பிடவில்லை.

அத்தானுக்கு அறுபது நெருங்குகிறது. முப்பத்தொரு வருஷமாகச் சுவருக்குள் காஸ் குழாய் பதிக்கிறார். இந்த ஊரில் வந்திறங்கியதும் அவருக்குக் கிடைத்த முதல் வேலை குழாய்களைத் தோளில் சுமந்து மாடி ஏற்றுவது. வலது தோள் இன்னும் இறங்கித்தான் இருக்கிறது. முழங்கால் போய்ப் பல வருஷமாகிறது. மாடிப்படியைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்று, கடன்காரனைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

வேலையிடத்தில் அவர் பெயர் சோப்பு. குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று எல்லாரும்தான் பார்க்கிறார்கள். இவர் தடவி, துடைத்து, மறுபடி தடவுவார். அது முடிந்ததும் குழாயில் காற்றை அடைத்து, மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். கலவை காய்கிறதே என்ற கடுப்பில் பூச்சு வேலைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

"என்ன சோப்பண்ணே, முட்டை பொரிஞ்சுதா?"

"இன்னும் இல்ல. நீ வந்து உட்காரு. உனக்கு உடம்புச் சூடு ஜாஸ்தி, சீக்கிரம் பொரியும்."

சுவரை மூடிவிட்டால் குழாய் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கவலையில்தான் அவர் படம் வரையத் தொடங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டுவார். மேலேயிருந்து இறங்கும் ஒரு கோடு, இடுப்பளவில் திரும்பி அடுப்புக்குப் போகும் ஒரு கோடு, பக்கத்தில் அளவு. அளவை எப்போதும் சமையலறைக் கதவு நிலையிலிருந்துதான் எடுப்பார். கட்டும்போது எதுவும் இருந்த இடத்தில் இருக்காது. சுவரில் பூச்சு ஏறும், ஓடு ஏறும், தரை உயரும், மூலை உள்ளே வரும். நிலை ஒன்றுதான் வைத்த இடத்தில் நிற்கும். இந்தத் தொழிலில் அதை நம்பாதவர் கிடையாது.

படத்துக்குக் கீழே எங்கள் மொழியிலும் இந்த ஊர் மொழியிலும் ஒரு வரி எழுதிக் கொடுத்தது நான். "ஓட்டை போடறதுக்கு முன்னாடி என்னைக் கேக்கச் சொல்லி எழுது மச்சான்," என்று ஃபோன் நம்பரையும் சொன்னார். கெஞ்சுவது மாதிரி இருக்கிறதே என்று எனக்குப் பட்டது. 'இந்தக் கோட்டைத் தவிர மற்ற இடங்களில் துளையிடலாம்' என்று திருத்தமாக எழுதினேன். நம்பருக்கு இடம் போதவில்லை.

மறுநாள் அவருக்கு விடுமுறை. காலையிலேயே சோப்பு பாட்டிலையும் அளவு டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அக்கா வாசல்வரை வந்தாள். "நம்ம வீட்டுக் குழாய் ஆறு மாசமா சொட்டுது. அதுக்கு நான் யாரைக் கூப்பிடறது?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் கூடப் போடா. படியில உக்காந்துடப்போறாரு," என்றாள்.

பச்சைக் கேட் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா தரைத்தளத்திலேயே குடியிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"சீறலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூணாவது மாடியில ஒருத்தர் தண்ணிக் குழாயில ஆணி அடிச்சாரு. தொப்பலா நனைஞ்சாரு. அந்தத் தண்ணி ஊரைச் சுத்தி வர்றதுக்குள்ள காஸ் ஆயிடுச்சா?"

அத்தான் ராத்திரியிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை அங்கேதான் விட்டார். "வந்தது வந்துட்டேன், உங்க வீட்டை மட்டும் ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்மா," என்றார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு மண்டிபோட்டு அடுப்பு வால்வில் சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழி இல்லை. துடைத்துவிட்டு மறுபடி தடவினார். இல்லை. அலமாரிக் கதவில் எங்கள் காகிதம் பழுப்பேறி ஒட்டியிருந்தது.

"உங்க படம் இல்லன்னா எங்க பாடு திண்டாட்டம்," என்றார் அந்த அம்மா. "இங்கயும், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓனரோட இன்னொரு கட்டடத்துலயும் எல்லாரும் அதைப் பாத்துத்தான் ஓட்டை போடறோம்."

அத்தான் பழக்கதோஷத்தில் டேப்பின் கொக்கியை நிலையில் மாட்டி இழுத்தார். படத்தில் நாலடி என்று இருந்தது. நாலாவது அடி ஜன்னலுக்கு நடுவில் போய் நின்றது. அவர் டேப்பைச் சுருட்டினார். மறுபடி இழுத்தார்.

"இந்த நிலையை நகர்த்தினீங்களா?"

"நான் எங்க நகர்த்தினேன்? ஓனரு செஞ்சது. பெரிய ஃபிரிட்ஜ் வைக்க இடமில்லன்னு எல்லாரும் புலம்புனாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி எல்லா வீட்டுலயும் சமையலறைக் கதவை ஒண்ணரை அடி ஜன்னல் பக்கமாத் தள்ளி வச்சாரு. பாலத்துக்கு அந்தப் பக்கக் கட்டடத்துலயும் இதே கதைதான்."

"படத்துல நாலடின்னு இருக்கு. ஜன்னல்ல எப்படிம்மா குழாய் வரும்?"

"ஜன்னலுக்கு மேல நின்னுடுது போலன்னு அலமாரி மாட்ட வந்தவரு சொன்னாரு. அப்ப சுவர் முழுக்கக் காலிதான், எங்க வேணா மாட்டலாம்னு ஒரே சந்தோஷம் அவருக்கு."

அத்தான் டேப்பைச் சுருட்டிக்கொண்டார். வெளியே நடைவழிக்குப் போனார். குழாய் சுவருக்குள் நுழையும் இடத்திலிருந்து வெளிமூலைவரை அளந்தார். உள்ளே வந்து ஜன்னலிலிருந்து கணக்குப் பார்த்து, பென்சிலால் மேலேயிருந்து இடுப்பளவுவரை ஒரு கோடு போட்டார். அந்த அம்மாவின் தட்டு அலமாரியை ஒட்டிக் கோடு இறங்கியது. கடைசித் திருகாணிக்கும் கோட்டுக்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்தார்.

"நாலு விரல்," என்றார்.

அலமாரிக் கதவிலிருந்த காகிதத்தைக் கிழித்தெடுத்தார். "படமே இல்லன்னா பயந்துபோயாவது யாரையாவது கேட்டிருப்பாங்க," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. நான் எழுதிய வரி அவர் கையில் இரண்டாகக் கிழிந்திருந்தது.

அந்த அம்மா அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அலமாரிக்காரரு இன்னைக்கு அந்தப் பக்கக் கட்டடத்துலதான் இருக்காரு," என்றார். "நர்ஸம்மா வீட்டுல. பத்து மணிக்கு ஆரம்பிக்கறேன்னாரு."

மணி பத்தேகால்.

"ஃபோன் போடுங்கம்மா."

நர்ஸம்மா டியூட்டியில் இருந்தார், ஃபோன் அணைந்திருந்தது. சாவியை அலமாரிக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அந்தக் கட்டடத்தை இந்த அம்மாவேதான் பார்த்துக்கொள்கிறார், அங்கே வேறு ஆள் இல்லை. காஸ் ஆபீசுக்குச் சொன்னோம், ஆளனுப்ப அரைமணி ஆகுமாம். பஸ்ஸில் போனால் இருபத்தைந்து நிமிஷம். அலமாரிக்காரர் நம்பரை நான் என் ஃபோனில் ஏற்றிக்கொண்டேன். "இங்க யாரும் இன்னைக்கு ஒரு ஆணிகூட அடிக்க வேணாம்னு மாடி மாடியாச் சொல்லிடுங்கம்மா, நான் திரும்பி வர்றேன்," என்று சொல்லிவிட்டு அத்தான் நடந்தார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

பஸ்ஸில் ஏறுவதற்குள் இரண்டு தடவை அழைத்துவிட்டேன். முழுக்க அடித்து ஓய்ந்தது. அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து கிழிந்த காகிதத்தை முழங்காலில் வைத்து ஒட்டுப்போடுவதுபோல் சேர்த்துப் பிடித்திருந்தார்.

"மறுபடி போடு."

போட்டேன்.

"அடிக்குதா?"

"அடிக்குது அத்தான். எடுக்கல."

"சும்மா இருந்தா எடுத்திருப்பாரு," என்றார். காகிதத்தை மடித்துக்கொண்டே, "டிரில்லு ஓடும்போது காதுல விழாது," என்றார்.

பஸ் பாலத்தில் ஏறி, முன்னால் நின்ற வண்டிகளுக்குப் பின்னால் நின்றது. ஃபோன் என் காதில் அடித்துக்கொண்டிருந்தது.